கேட்டால் சொல்கிறேன்: மலைக்குப் போனால் மனசு ஆறுமா?

கேள்வி: எனக்கு 41 வயது. இரண்டு வருடம் முன்னால் நானும் கணவரும் பைக்கில் போகும்போது லாரி மோதி அவர் அங்கேயே இறந்துவிட்டார். எனக்குக் கால் எலும்பு முறிந்ததோடு சரி. இன்றைக்கும் ரோட்டில் யாராவது சடாரென்று பிரேக் போட்டால் உடம்பெல்லாம் நடுங்குகிறது. ராத்திரி தூக்கம் இல்லை. அந்த வழியாகப் போகவே முடியாமல் இரண்டு பஸ் மாறிச் சுற்றிப் போகிறேன். மாமியார், "திருவண்ணாமலையில் போய் பத்து நாள் இருந்துட்டு வாம்மா, மலையைப் பார்த்தாலே மனசு ஆறும்" என்கிறார். நாத்தனாரோ தனக்குத் தெரிந்த சாமியார் தலையில் கை வைத்தால் போதும், எல்லாம் போய்விடும் என்கிறாள். அண்ணன் இதெல்லாம் வேண்டாம், டாக்டரைப் பார் என்று திட்டுகிறார். யார் சொல்வதைக் கேட்பது?
- பெயர் வேண்டாம், சேலம்

பதில்: சகோதரி, மாமியார் சொல்வதையும் கேளுங்கள், அண்ணன் சொல்வதையும் கேளுங்கள். நாத்தனார் சொன்னதை மட்டும் விட்டுவிடுங்கள்.

முதலில் அண்ணன் பக்கம். சத்தம் கேட்டால் நடுக்கம், தூக்கமின்மை, அந்த இடத்தையே தவிர்ப்பது, இதெல்லாம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவர்கள் அதை பி.டி.எஸ்.டி.யாக (பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனநலப் பாதிப்பு) இருக்குமோ என்றுதான் முதலில் பார்ப்பார்கள். உங்களுக்கு இரண்டு வருடம் ஆகிவிட்டது. இது பக்தி குறைவதால் வருவதும் இல்லை, மனசு பலவீனமாக இருப்பதால் வருவதும் இல்லை. ஆபத்து முடிந்துவிட்டது என்பதை உடம்பு இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். இதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் தரும் பேச்சு சிகிச்சைகள் இருக்கின்றன, நன்றாகவே வேலை செய்கின்றன. உங்கள் ஊர் அரசு மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு உண்டு. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி மனஸ் எண்ணைக் கூப்பிடுங்கள், மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச சேவை, தமிழிலேயே பேசலாம்.

இப்போது மாமியார் பக்கம். அவர் சொன்னதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் அந்த மலையில் அப்படி ஒன்று உண்மையாகவே நடந்திருக்கிறது.

போளூர் பக்கம் மண்டகொளத்தூரில் ஒரு பெண் இருந்தார். பிற்காலத்தில் எல்லாரும் எச்சம்மாள் என்று அழைத்தார்கள். சின்ன வயதிலேயே கணவர் போனார், அப்புறம் மகன், அப்புறம் மகள், ஒருவர் பின் ஒருவராக. அந்த வீட்டில் இருக்கவே முடியாமல் கோகர்ணம் வரைக்கும் போய் அங்கே சாதுக்களுக்குத் தொண்டு செய்து பார்த்தார், துக்கம் குறையவில்லை. (க்ஷேத்திரம் போனாலே தீர்ந்துவிடும் என்று சொல்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்கவும்.) திரும்பி வந்த பிறகு யாரோ சொல்லி, 1907 வாக்கில் திருவண்ணாமலை மலையேறி விரூபாட்ச குகையில் இருந்த ஒரு இளம் துறவி முன்னால் போய் நின்றார். அவர்தான் ரமணர். 1896 செப்டம்பர் 1ஆம் தேதி அந்த ஊருக்கு வந்தவர், அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. எச்சம்மாள் எதுவும் கேட்கவில்லை, அவரும் எதுவும் சொல்லவில்லை, ஏறக்குறைய ஒரு மணி நேரம் அப்படியே போனது என்றும், இறங்கி வரும்போது பாரம் இறங்கியிருந்தது என்றும் சொல்கிறார்கள்.

இந்தக் கதையை இதோடு நிறுத்திவிடுவதுதான் நம் வழக்கம். எனக்கு அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியமாகப் படுகிறது. அந்த அம்மாள் மறுபடி மறுபடி போனார். தன் கையால் சமைத்து, ரமணர் இருந்த இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், அங்கே இருந்தவர்களுக்குப் போட்டார், 1945இல் தான் இறக்கும் வரை. செல்லம்மாள் என்ற பெண்ணைத் தத்தெடுத்து வளர்த்து, கல்யாணம் செய்துகொடுத்து, பேரனுக்கு ரமணன் என்றே பெயரும் வைத்தார்கள். கொஞ்ச நாளில் அந்தச் செல்லம்மாளும் இறந்துபோனாள். எச்சம்மாள் அந்தக் கைக்குழந்தையைக் கொண்டு வந்து ரமணர் கையில் கொடுத்தபோது, அவர் தத்துவம் எதுவும் பேசவில்லை, அவர் கண்ணிலும் நீர் வந்தது. அதாவது குணமான பிறகும் துக்கம் வந்தது. "முன்னமே சரியாகிவிட்டதே, மறுபடி ஏன் அழுகிறாய்?" என்று யாரும் கேட்கவில்லை.

அதனால் பெரியவர் யார் என்று தேடும்போது வயதையும் தாடியையும் பார்க்காதீர்கள். உங்கள் கணவர் ஏன் போனார் என்று காரணம் சொல்கிறவர், பூர்வஜென்மம் என்கிறவர், இத்தனை நாளில் சரிசெய்கிறேன் என்று கணக்கு சொல்கிறவர், அதற்குப் பணம் கேட்கிறவர், தொட அனுமதி கேட்காமல் தொடுகிறவர், டாக்டர் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர் - இவர்களிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். கிரிவலப் பாதையில் இப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமே இல்லை. உங்கள் மாமியாரை யோசித்துப் பாருங்கள். அவர் மகனைப் பறிகொடுத்தவர். மருமகளைக் குற்றம் சொல்லாமல், போய் இருந்துவிட்டு வா என்று அனுப்பப் பார்க்கிறார். நீங்கள் தேடுகிற பெரியவர் வீட்டிலேயே இருக்கலாம், அவரையும் கூட்டிக்கொண்டு போங்களேன்.

போகும் விதம் பற்றி. சேலத்திலிருந்து அரூர், ஊத்தங்கரை, செங்கம் வழியாகப் பகல் பஸ்ஸில் போங்கள், முன் சீட் வேண்டாம். கிரிவலம் 14 கிலோமீட்டர். ரமணாசிரமம் செங்கம் ரோட்டில்தான் இருக்கிறது, கிரிவலத்தின் முதல் பகுதியும் அந்த ரோட்டிலேயேதான் போகும், அங்கே பஸ்ஸும் லாரியும் ஓயாது. உங்களுக்கு அந்தப் பகுதிதான் கஷ்டம். முழுசாகச் சுற்றியே ஆக வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. ரோடு பிரிந்து அடி அண்ணாமலைப் பக்கம் திரும்பிய பிறகு சத்தம் குறைந்துவிடும், அங்கிருந்து நடங்கள். கால் ஒத்துழைத்தால் ஆசிரமத்தின் பின்பக்கப் பாதையில் மெதுவாக ஏறி, மலைமேல் ரமணர் சில வருடம் இருந்த ஸ்கந்தாசிரமத்தில் போய் உட்காரலாம், கீழே கோயிலும் கோபுரங்களும் முழுசாகத் தெரியும். எதையும் நினைக்க வேண்டாம், தியானம் வரவில்லையே என்று கவலையும் வேண்டாம், மூச்சு வாங்க ஏறுவதே ஒரு வேலைதான்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். மலை கருணைக்கடல் என்று நானும் பாடலாம். ஆனால் 2024 டிசம்பர் 1ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் மழையில் அதே மலைச்சரிவில் மண்ணும் பாறையும் சரிந்து, அடிவாரத்து வீட்டில் இருந்த 7 பேர், பெரும்பாலும் குழந்தைகள், இறந்துபோனார்கள். அந்த வருடம் தீபத்துக்குப் பக்தர்களை மலையேற விடவில்லை. அந்தத் தெருக்காரர்களிடம் போய் மலையைப் பார்த்தால் மனசு ஆறும் என்று சொல்ல முடியுமா? உங்களுக்கும் அங்கே போய் ஒன்றும் நடக்கவில்லை என்றால் அது உங்கள் குறை இல்லை. ஊருக்குத் திரும்பி டாக்டரைப் பாருங்கள். இன்னும் நல்லது, இப்போதே பார்த்துவிட்டு அப்புறம் போங்கள்.

கேள்வி: எனக்கு 72 வயது. தெருவில் எந்த வீட்டில் துக்கம் என்றாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். போய் உட்கார்ந்தால் என்ன பேசுவது என்றே தெரியவில்லை. அழட்டும் என்று நடந்ததை முழுசாகச் சொல்ல வைப்பது நல்லதா?
- ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: ஐயா, சொல்ல வைக்காதீர்கள். பேரிடர், விபத்து நடந்த கையோடு ஆட்களை உட்கார வைத்து எல்லாவற்றையும் கொட்ட வைக்கும் முறை ஒருகாலத்தில் பல நாடுகளில் இருந்தது. ஆராய்ந்து பார்த்தபோது அது பின்னால் வரும் பாதிப்பைத் தடுக்கவில்லை, சிலருக்கு அதிகப்படுத்தவும் செய்தது. உலக சுகாதார நிறுவனமும் இப்போது அதைப் பரிந்துரைப்பதில்லை. அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், குறுக்கே பேசாதீர்கள். பயிற்சி பெற்ற மருத்துவர் பல வாரம் எடுத்துக்கொண்டு நினைவுகளைத் தொடுவது வேறு விஷயம், அதை நாம் திண்ணையில் செய்ய முடியாது.

"எல்லாம் நன்மைக்கே", "அவருக்கு அவ்வளவுதான் எழுதியிருக்கு", "பிள்ளைகளுக்காகத் தைரியமா இரு" - இந்த மூன்றையும் விட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. சாப்பிட்டார்களா என்று பாருங்கள். ரேஷன், பேங்க், இறப்புச் சான்றிதழ் என்று அலைய ஆள் தேவைப்படும், கூடப் போங்கள். முக்கியமாகப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவெல்லாம் கிளம்பிய பிறகு போங்கள், அப்போதுதான் வீட்டில் யாருமே இருக்க மாட்டார்கள். உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்கிற மாதிரி ஒரு வார்த்தை காதில் விழுந்தால் மட்டும் சும்மா இருக்காதீர்கள், நேராகக் கேளுங்கள், தனியாக விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

கேள்வி: மன அமைதிக்காகப் போகிறவர்கள் பௌர்ணமி அன்றுதான் கிரிவலம் போக வேண்டுமா?
- வாசகி, ஈரோடு

பதில்: பௌர்ணமிக்கு லட்சக்கணக்கில் கூட்டம் வரும், ராத்திரி முழுக்க ஒலிபெருக்கி, பஸ் பிடிக்கத் தள்ளுமுள்ளு. அமைதிக்குப் போகிறவர்கள் சாதாரண வார நாளில், விடிவதற்கு முன்னால் தொடங்குங்கள். வெறுங்காலோடுதான் நடப்பார்கள், ஒன்பது மணிக்கு மேல் தார் ரோடு சுடும். சர்க்கரை நோய் இருந்தால் பாதத்தில் புண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் செருப்பு போட்டுக்கொண்டே நடங்கள்.