வாசகர் கேள்வி பதில்: சுவரில் ஒட்டாமல் ஒரு ஹாலோவீன்

கேள்வி: ஏற்காட்டில் காபித் தோட்டத்தை ஒட்டிய பழைய வாடகை வீட்டில் குடியிருக்கிறோம். ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள், அக்டோபர் 31ஆம் தேதி ஹாலோவீனுக்குத் தோழிகளை அழைத்து, கூடத்துச் சுவரை அலங்கரிக்க வேண்டும் என்கிறாள். அது சுண்ணாம்பு அடித்த சுவர். மழைக்காலத்தில் ஓதம் ஏறிவிடும். சென்ற ஆண்டு பிறந்தநாளுக்கு ஒட்டிய செலோடேப், எடுக்கும்போது சுண்ணாம்பையும் சேர்த்துப் பெயர்த்துவிட்டது. விளக்கு வைக்கிற வீட்டில் பேய்ப் படம் எதற்கு என்று என் மாமியார் வருத்தப்படுகிறார். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: சகோதரி, முதலில் சுவரைப் பார்ப்போம். ஆண்டுதோறும் ஒன்றன்மேல் ஒன்றாக அடித்த சுண்ணாம்பு, வடகிழக்குப் பருவமழையில் ஈரம் குடித்துப் பொருக்காக நிற்கும். அதன்மேல் எந்த டேப்பை ஒட்டினாலும் ஒன்று நிற்காது, நின்றால் பொருக்கோடுதான் வரும். மைதாப் பசையும் வேண்டாம்; ஈரச்சுவரில் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும். ஆகவே அந்தச் சுவரில் எதையும் ஒட்டாதீர்கள். அதன்மேல் நிழலை விழச் செய்யுங்கள்.

சுவரிலிருந்து ஆறடி தள்ளித் தரையில் ஒரு சிறிய விளக்கை வையுங்கள். கைப்பேசியின் டார்ச்சே போதும். ஒளி ஒரு புள்ளியிலிருந்து வருவதால் நிழலின் ஓரம் கூர்மையாக விழும், டியூப்லைட்டில் அது கலங்கிப்போகும். ஜன்னல் கம்பியிலிருந்து கதவு நிலைவரை விளக்குக்கும் சுவருக்கும் நடுவே ஒரு நூலைக் கட்டி, கருப்பு சார்ட் பேப்பரில் வெட்டிய வௌவால்களை அதில் தொங்கவிடுங்கள். விளக்கிலிருந்து மூன்றடியில் தொங்கும் ஒரு சாண் வௌவால் சுவரில் இரண்டு சாணாக விழும். இரண்டடிக்கு நகர்த்தினால் மூன்று சாணாகிவிடும். குழந்தைகள் இதை நகர்த்தி நகர்த்திப் பார்ப்பதிலேயே பாதி மாலை கழிந்துவிடும். டார்ச்சின்மேல் ஆரஞ்சு நிறக் கண்ணாடித் தாளைச் சுற்றினால் சுவர் முழுவதும் அந்த நிறம் பரவும்.

தோட்டத்தில் நிழலுக்காக வளர்த்திருக்கும் சில்வர் ஓக் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் இலைகளையும் பொறுக்கி வரச் சொல்லுங்கள். மேற்புறம் பழுப்பேறி, அடிப்புறம் வெள்ளி பூசியதுபோல் மினுங்கும் அந்த இலை, காய்ந்ததும் விரல் மடக்கிய கைபோல் சுருண்டுகொள்ளும். அதைக் காம்பில் நூல் கட்டித் தொங்கவிட்டால், லேசான காற்றில் சுவரில் ஒரு நகக்கை மெல்லத் திரும்புவதைக் காணலாம். கடையில் வாங்கும் எந்தப் பொம்மையும் இதற்கு ஈடாகாது என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் மாமியாரின் வருத்தத்தை ஒதுக்கிவிட வேண்டாம். அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். நவம்பர் 1 கிறிஸ்தவர்களுக்கு அனைத்துப் புனிதர் திருநாள். அதன் முந்தைய மாலைதான் ஹாலோவீன். மறுநாள் நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அன்று நம் ஊர்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் கல்லறைகளைத் துப்புரவு செய்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுவதை அவரும் பார்த்திருப்பார். மகாளய அமாவாசையில் நாம் முன்னோரை நினைப்பதற்கு அது வெகு தொலைவில் இல்லை. அயர்லாந்து மக்கள் தீய ஆவிகளை விரட்ட டர்னிப் கிழங்கைக் குடைந்து முகம் செதுக்கினார்கள்; அமெரிக்காவில் குடியேறிய பிறகு, அங்கே எளிதில் கிடைத்த பரங்கிக்காய்க்கு மாறினார்கள். புதுவீடு கட்டும்போது பூசணிக்காயில் முட்டைக்கண்ணும் கோரைப்பல்லும் வரைந்து கட்டுகிறோமே, அதே எண்ணம்தான். அந்த முகத்தை வரையும் பொறுப்பை அவரிடமே கொடுத்துப் பாருங்கள். பூஜை அறையை ஒட்டிய சுவரை மட்டும் விட்டுவிடுங்கள். அந்த மரியாதையை அவர் எதிர்பார்ப்பது நியாயமே.

கேள்வி: ஹாலோவீனுக்கு எங்கள் வராந்தாச் சுவரில் சிலந்தி வலை அமைக்க, கடையில் கிடைக்கும் பஞ்சு வலையை வாங்கலாமா? கீழே மெழுகுவத்தி வைக்கவும் எண்ணம்.
– ஒரு வாசகர், அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: இரண்டும் வேண்டாம். வெளிச்சுவரில் இழுத்துக் கட்டிய பஞ்சில் சிட்டுக்குருவியும் பல்லியும் சிக்கிக்கொள்ளும். பஞ்சுக்கு அருகில் நெருப்பு இருப்பதோ பேராபத்து. நெசவாளர் நிறைந்த பகுதியில் இருக்கிறீர்கள். அக்கம்பக்கத்துத் தறிகளில் மிஞ்சும் கழிவு நூலைக் கேட்டு வாங்கி, பல இழைகளைச் சேர்த்து முறுக்கிக்கொள்ளுங்கள். மூங்கில் குச்சிகளால் ஒரு சட்டம் கட்டி, நடுவிலிருந்து எட்டு ஆரங்களை விறைப்பாக இழுத்துக் கட்டியபின், வெளி ஓரத்தில் தொடங்கி உள்நோக்கிச் சுற்றி வாருங்கள். சிலந்தியும் தன் ஒட்டும் இழையை அப்படித்தான், வெளியிலிருந்து உள்ளே பின்னுகிறது. சட்டத்தை வராந்தாவில் வைக்காமல் வீட்டுக்குள் சுவரில் சாய்த்து, அடியில் பேட்டரியில் எரியும் சிறு எல்இடி விளக்கை வையுங்கள்.