பல் சுத்தம் செய்ய எதற்கு இரண்டு வருடம்?

மகள் பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படித்தவள். நீட் மதிப்பெண் பி.டி.எஸ். இடத்துக்கு எட்டவில்லை. டென்டல் ஹைஜீனிஸ்ட் டிப்ளமோ பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். "பல்லைச் சுத்தம் பண்ணுறதுக்கா ரெண்டு வருஷம்? அப்படி என்னதான் சொல்லிக் கொடுப்பாங்க?" என்று கேட்கிறீர்கள், அம்மா. நியாயமான கேள்விதான். அதோடு உங்கள் மனசுக்குள் இன்னொரு கேள்வியும் இருக்கும்: இது பாதி டாக்டர் படிப்பா?

இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. 1948-ஆம் வருடத்துப் பல் மருத்துவர்கள் சட்டம், பல்லில் படிந்த காறையை எடுப்பது, சுத்தம் செய்வது, மெருகேற்றுவது, வாய் சுகாதாரம் சொல்லிக் கொடுப்பது என்று டென்டல் ஹைஜீனிஸ்டுகளின் வேலையை ஒரே வாக்கியத்தில் அடக்கிவிட்டது. பல் பிடுங்குவது, ஓட்டை அடைப்பது, மருந்துச் சீட்டு எழுதுவது எதுவும் இவர்கள் கையில் இல்லை. வேலையும் பல் மருத்துவரின் மேற்பார்வையில்தான். "பிறகு தனியாக கிளினிக் போட்டுக்கொள்ளலாம்" என்று எந்தக் கல்லூரித் தரகராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பாதி டாக்டர் என்ற நினைப்போடு சேரும் பிள்ளைகள்தான் முதல் வருடத்திலேயே சோர்ந்துபோகிறார்கள். விரல் நுனியில் கற்கும் ஒரு கைத்தொழில் என்று தெரிந்து சேருபவர்கள் நன்றாக வருகிறார்கள்.

முதல் சில மாதங்கள் பெரும்பாலும் புத்தகமும் பொம்மை வாயும்தான். உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், மருந்தியல் எல்லாம் மேலோட்டமாக வரும். பல் அமைப்பு மட்டும் ஆழமாக வரும். வாயை நான்கு கால் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டு இலக்க எண் தருவார்கள். மேல் வலது முதல் கடைவாய்ப்பல் 16, கீழ் இடது கோரைப்பல் 33. பால்பற்களுக்கு 51 தொடங்கி 85 வரை தனி எண்கள். இதைப் பெருக்கல் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்தாக வேண்டும். டாக்டர் எண்ணைச் சொல்லும்போது விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்க முடியாது. பல் வேரின் வடிவமும் அதே அளவு முக்கியம். மேல் கடைவாய்ப்பல்லுக்கு மூன்று வேர், கீழுக்கு இரண்டு. மேல் முதல் முன்கடைவாய்ப்பல்லின் முன்பக்கம் ஒரு குழிவு இருக்கிறது. கருவி அந்தக் குழிவைத் தாண்டி மேட்டில் மட்டும் உரசிப் போனால், உள்ளே காறை அப்படியே தங்கிவிடும். ஈறுக்குக் கீழே கண்ணுக்கு எதுவும் தெரியாது. வேரின் படம் தலைக்குள் இருந்தால்தான் கை சரியாகப் போகும்.

அடுத்தது ப்ரோப். முனை மழுங்கிய, மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு ஆழம் பார்ப்பார்கள். 1 முதல் 3 மி.மீ. என்றால் பொதுவாக ஆரோக்கியம். 4-உம் அதற்கு மேலும் என்றால், ஈறு பல்லைவிட்டு விலகி உண்டான, கவனிக்க வேண்டிய பை. வில்லியம்ஸ் ப்ரோபில் 1, 2, 3, 5, 7, 8, 9, 10 என்று கோடுகள் இருக்கும். எண்கள் நெருங்கி விழுந்து குழப்பக் கூடாது என்று 4-ஐயும் 6-ஐயும் விட்டுவிட்டார்கள். இது தெரியாத மாணவி நான்காவது கோட்டை 4 என்று எழுதிவைப்பாள். உண்மையில் அது 5. ஒரு பல்லுக்கு ஆறு இடம், 28 பல்லுக்கு 168 அளவு. அழுத்தம் 20 முதல் 25 கிராம்தான். சமையலறை டிஜிட்டல் தராசில் ப்ரோபை வைத்து அழுத்திப் பார்த்துப் பழகினால் அந்த லேசான அழுத்தம் கைக்குப் பிடிபடும். வீங்கிய ஈறில் கொஞ்சம் அதிகம் அழுத்தினால் முனை சதைக்குள் புகுந்து ஆழம் கூடுதலாகக் காட்டும். காறையில் முட்டி நின்றால் குறைவாகக் காட்டும். இரண்டு தவறும் நோயாளியின் சிகிச்சையையே மாற்றிவிடும்.

இந்தப் படிப்பின் உயிர் ஸ்கேலிங், அதாவது காறையைப் பெயர்த்து எடுப்பது. பாதி நேரம் இதற்குத்தான் போகிறது, போகவும் வேண்டும்.

காறை எங்கே அதிகம் சேரும் என்று முதலில் தெரிய வேண்டும். கீழ் முன்பற்களின் நாக்குப் பக்கமும், மேல் கடைவாய்ப்பற்களின் கன்னப் பக்கமும். உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய்கள் அங்கேதான் திறக்கின்றன. உமிழ்நீரில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் பல்லில் ஒட்டிய படலத்தில் இறங்கி அதைக் கல்லாக்குகின்றன. ஈறுக்கு மேலே இருக்கும் காறை மஞ்சள் கலந்த வெள்ளை, சுலபமாகப் பெயரும். ஈறுக்குக் கீழே இருப்பது கறுப்பாக, இறுக்கமாக வேரைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

கருவிகளில் சிக்கிள் ஸ்கேலர் முக்கோண வெட்டுமுகமும் கூர்முனையும் கொண்டது. ஈறுக்கு மேலே மட்டும்தான் அதற்கு இடம். கீழே விட்டால் சதையைக் கிழிக்கும். கீழே போவது வட்ட முனை கொண்ட க்யூரெட். அதிலும் கிரேசி க்யூரெட்டுகளுக்கு எண்கள் உண்டு. 1-2 முன்பற்களுக்கு, 11-12 கடைவாய்ப்பல்லின் முன்பக்கத்துக்கு, 13-14 அதன் பின்பக்கத்துக்கு. இரண்டு விளிம்பில் ஒன்றுதான் வெட்டும். எந்த விளிம்பு என்று தெரியாமல் அரை மணி நேரம் வழுவழுப்பான பக்கத்தால் தேய்த்துக்கொண்டிருப்பது முதல் வருடத்தில் எல்லோரும் செய்யும் தவறு. அடையாளம் எளிது: கருவியின் கழுத்துக் கடைசித் துண்டைத் தரைக்குச் செங்குத்தாகப் பிடித்தால், தாழ்ந்து நிற்கும் விளிம்புதான் வெட்டும் விளிம்பு.

பிடிப்பது பேனா பிடிப்பது போல, ஆனால் நடுவிரலின் நுனிச் சதை கழுத்தில் பட வேண்டும். மோதிர விரல் பக்கத்துப் பல்லின் மேல் ஊன்றி நிற்க வேண்டும். அந்த ஊன்றுதல் இல்லாவிட்டால் நோயாளி திடீரென்று தலையை அசைக்கும்போது கருவி கன்னத்தில் இறங்கும். உள்ளே நுழைக்கும்போது கத்தியின் முகம் பல்லோடு படுத்திருக்க வேண்டும். காறைக்கு அடியில் போய்ச் சேர்ந்ததும் 45 பாகைக்கு மேல், 90-க்குக் கீழாகத் திறக்க வேண்டும். 45-க்குக் குறைந்தால் காறை பெயராமல் மேலே மட்டும் வழுக்கித் தேய்ந்து மினுமினுப்பாகும். பிறகு விரலுக்கும் தட்டுப்படாது, எடுப்பதும் கஷ்டம். 90-ஐத் தாண்டினால் ஈறைச் சுரண்டும். இழுப்பது மணிக்கட்டும் முன்கையும் சேர்ந்த சின்ன அசைவு. விரல்களை மடக்கி மடக்கி இழுக்கும் பிள்ளைகளுக்கு நான்காவது நோயாளியிலேயே கை மரத்துப்போகும்.

கருவி தீட்டுவதைப் பாடமாகவே வைத்திருக்கிறார்கள். வீட்டில் அரிவாள்மனை மொட்டையானால் நாம் கூடுதலாக அழுத்தி வெட்டி விரலை வெட்டிக்கொள்கிறோமே, அதே கதைதான். கத்தி முகத்துக்கும் தீட்டுகல்லுக்கும் இடையே 100 முதல் 110 பாகை வைத்துத் தீட்ட வேண்டும். கூர் வந்ததா என்று பிளாஸ்டிக் குச்சியில் வைத்துப் பார்ப்பார்கள். கடித்துப் பிடித்தால் கூர், வழுக்கினால் இன்னும் வரவில்லை.

"இப்போது எல்லாம் மெஷின்தானே" என்று கேட்பீர்கள். அல்ட்ராசானிக் ஸ்கேலர் உண்டு. நொடிக்குப் பல்லாயிரம் முறை அதிரும் முனை, குளிர்விக்கத் தண்ணீர். அதன் முனையைப் பல்லோடு கிட்டத்தட்ட இணையாக வைத்து, லேசாகத் தொட்டு, நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். கூர்நுனியை நேராகக் குத்தி வைத்தால் எனாமலில் பள்ளம் விழும். தண்ணீர் குறைந்தால் பல் சூடாகும். அது கிளப்பும் சாரல் காற்றில் மிதக்கும் என்பதால் முன்னதாகக் கிருமிநாசினியால் வாய் கொப்பளிக்கச் சொல்வதும், உறிஞ்சு குழாயைப் பக்கத்திலேயே வைப்பதும் கட்டாயம். சில பழைய வகை மெஷின்கள் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களுக்கு ஆகாது. கையால் எடுக்கத் தெரியாதவருக்கு மெஷின் இன்னும் வேகமாகத் தவறு செய்ய மட்டும் உதவும்.

எங்கே கை வைக்கக் கூடாது என்பதும் படிப்புதான். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர், வாதக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டவர், சர்க்கரை கட்டுப்படாதவர் என்றால் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்கக் கூடாது. பாக்கு, ஹான்ஸ் போடுபவரின் கன்னத்தில் வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ தெரிந்தால், வாய் முழுதாகத் திறக்காவிட்டால், நோயின் பெயரை நோயாளியிடம் சொல்வது இவர்கள் வேலை அல்ல. பார்த்ததைக் குறித்துக்கொண்டு உடனே டாக்டரைக் கூப்பிடுவதுதான் வேலை. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிள்ளைகளின் பல்லில் உள்ள பழுப்புக் கறை, தண்ணீரிலிருந்த ஃபுளோரைடால் எனாமல் உருவாகும்போதே ஏறியது. அதை வெற்றிலைக் கறை என்று நினைத்து எவ்வளவு சுரண்டினாலும் போகாது, எனாமல்தான் போகும்.

பேசத் தெரிவது பாடத்திட்டத்தில் சின்னதாகத் தெரியும், வேலையில் பெரிது. இந்தத் தொழிலே அங்கிருந்து பிறந்ததுதான்: அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரில் 1913-இல் பல் மருத்துவர் ஆல்ஃப்ரட் ஃபோன்ஸ் இதற்கென முதல் பள்ளியைத் தொடங்கினார். அங்கே படித்தவர்களில் பலர் நகரத்துப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளின் பல்லைச் சுத்தம் செய்து, துலக்கச் சொல்லிக் கொடுக்கத்தான் போனார்கள். நம் ஊரில் முதலில் எதிர்ப்படுவது "ஸ்கேலிங் பண்ணினா பல்லு ஆடும்" என்ற பயம். நடப்பது இதுதான்: பல்லிடுக்கை அடைத்துக்கொண்டிருந்த காறை போகிறது, வீங்கிய ஈறு சுருங்குகிறது, இடைவெளி கண்ணுக்குத் தெரிகிறது. எலும்பு ஏற்கெனவே தேய்ந்திருந்தால், காறை கட்டிப் பிடித்திருந்த பல்லின் ஆட்டமும் வெளியே வருகிறது. சில நாள் குளிர்ந்த தண்ணீர் கூசும். இதை வேலை தொடங்குமுன் சொன்னால் விளக்கம். முடித்த பிறகு சொன்னால் சமாளிப்பு என்றுதான் நோயாளி எடுத்துக்கொள்வார்.

ஃபுளோரைடு பூசுவது, கடைவாய்ப்பல்லின் குழிகளை அடைக்கும் சீலன்ட் போன்றவையும் கற்றுத் தருவார்கள். 1.23 சதவீத ஃபுளோரைடு ஜெல்லை, பல்வரிசையில் பொருந்தும் தட்டில் நிரப்பி 4 நிமிடம் வாயில் வைக்க வேண்டும். குழந்தைக்குத் தட்டு ஒன்றுக்கு 2 மி.லி.க்கு மேல் வேண்டாம். நிமிர்ந்து உட்காரவைக்காமல் படுக்கவைத்தால் குழந்தை விழுங்கி வாந்தி எடுக்கும். சீலன்ட் கழன்று விழுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், அமிலம் வைத்துக் கழுவிக் காயவைத்த பல்லில் ஒரு துளி எச்சில் பட்டுவிடுவது.

கருவிகளைக் கழுவுவது முதல், நீராவியால் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவ் வரை ஒவ்வொரு படியும் இவர்கள் பொறுப்பில் வரும். ரத்தம் காய்ந்து ஒட்டிய கருவியை அப்படியே உள்ளே வைத்தால் 121 டிகிரியில் 20 நிமிடம் ஓடினாலும் பயனில்லை. உறைகளைத் திணித்து அடைத்தால் நீராவி புகாது. ஈரமாக வெளியே வந்த உறை சுத்தமானதாகக் கணக்கில் வராது. உறையில் ஒட்டிய டேப் நிறம் மாறினால், சூடு பட்டது என்று மட்டும் சொல்லும். கிருமி செத்ததா என்று அறிய, சூட்டைத் தாங்கும் கிருமி வித்துகளை உள்ளே வைத்துப் பார்க்கும் ஸ்போர் சோதனை தனி. இதில் பெற்றோர் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி பெரியவர்களுக்கு 0, 1, 6 மாதம் என்று மூன்று தவணை. நோயாளியின் வாயில் கை வைப்பதற்குள் முடிந்திருக்க வேண்டுமென்றால் சேர்க்கைக்கு முன்பே தொடங்க வேண்டும். குழந்தையில் போட்டிருந்தால் அட்டையைத் தேடி எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து எதிர்ப்பொருள் அளவு 10 mIU/mL-ஐத் தொட்டதா என்று ரத்தத்தில் பார்ப்பது நல்லது.

இடக்கைக்காரியா மகள்? அது தடையல்ல, நாற்காலியின் மறுபக்கம் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும், கருவிமேசை இடம் மாற வேண்டும், அவ்வளவுதான். கண்பார்வையை மட்டும் இப்போதே சோதித்துவிடுங்கள். மங்கலாகத் தெரிந்தால் தலை தானாகக் குனியும், குனிந்தால் கழுத்து வலி. இந்தத் தொழிலை நடுவில் விடுபவர்கள் சொல்லும் காரணங்களில் கழுத்தும் மணிக்கட்டும் முன்வரிசையில் நிற்கின்றன.

வேலை நிலவரத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் சின்ன கிளினிக்குகளில் ஸ்கேலிங்கை டாக்டரே செய்துவிடுகிறார். ஹைஜீனிஸ்டாகச் சேர்ந்து, சீட்டுப் போடுவதும் கருவி எடுத்துக் கொடுப்பதுமாக நாள் போவதும் உண்டு. பல நாற்காலிகள் கொண்ட மருத்துவமனைகளிலும் கல்லூரிகளிலும்தான் படித்த வேலை கிடைக்கும். ரயில்வேயின் துணை மருத்துவப் பணி அறிவிப்புகளில் இந்தப் பதவி வருவதுண்டு, ஆனால் இடங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். வளைகுடா நாடுகளுக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு, உரிமத் தேர்வு, வேலை அனுபவம் மூன்றும் வேண்டும். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் அங்கே அங்கீகாரம் பெற்ற பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்கின்றன. கனடாவுக்கும் இந்த டிப்ளமோ நேர்வழி அல்ல. "முடித்ததும் கனடா" என்ற விளம்பரத்துக்காகப் பணம் கட்டாதீர்கள்.

கல்லூரியில் கேட்க வேண்டியவை சில. இந்தக் குறிப்பிட்ட டிப்ளமோவுக்கே அங்கீகாரம் இருக்கிறதா, பி.டி.எஸ்.க்கு மட்டுமா? படித்து முடித்தவர்கள் மாநிலப் பல் மருத்துவ கவுன்சிலில் ஹைஜீனிஸ்டாகப் பதிவு செய்திருக்கிறார்களா? வெளிநோயாளிகளில் ஸ்கேலிங்குக்கு வருபவர்கள் இந்த மாணவிகள் கைக்கு வருகிறார்களா, அல்லது பி.டி.எஸ். மாணவர்களே எடுத்துக்கொள்கிறார்களா? கடைசிக் கேள்விக்கு அலுவலகத்தில் சரியான பதில் கிடைக்காது. அதனால் கட்டணம் கட்டுமுன் ஒரு நாள் காலையில் அந்தக் கல்லூரியின் ஈறு நோய்ப் பிரிவுக்குப் போய், ஓ.பி. சீட்டு வாங்கி, நீங்களே ஸ்கேலிங் செய்துகொள்ளுங்கள். கருவி உறை உங்கள் கண்முன் பிரிக்கப்படுகிறதா, கூட வந்த மகள் பக்கத்தில் நின்று பார்க்க விடுகிறார்களா, ரத்தமும் எச்சிலும் கலந்த அந்தத் தண்ணீரைப் பார்த்து அவள் முகம் சுளிக்கிறாளா, கிட்டே குனிகிறாளா என்று கவனியுங்கள்.