டோர்டோன் ஆற்றங்கரைக் கோட்டைகள்: கேள்வி பதில்

தென்மேற்கு பிரான்சில் சார்லா என்ற ஊருக்குப் பக்கத்தில் டோர்டோன் ஆறு வளைந்து வளைந்து ஓடுகிறது. அங்கே பாறைகளின் உச்சியில் நிற்கும் இடைக்காலக் கோட்டைகளைப் பார்க்கப் போகிறவர்கள் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை.

ரேவதி, திருச்சி: இவ்வளவு சின்னப் பகுதியில் எதற்கு இத்தனை கோட்டைகள்? எல்லாம் ஒரே ராஜா கட்டியதா?

ஒரே ராஜா ஆண்டிருந்தால் இத்தனை தேவைப்பட்டிருக்காது. ஆளுக்கொரு பாறையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த சிற்றரசர்கள் கட்டியவை இவை. அந்தக் காலத்தில் ஆறுதான் சாலை. மேலேயிருந்து மரமும் கீழேயிருந்து உப்பும் தட்டையடிப் படகுகளில் வந்து போயின. வளைவைப் பார்த்தபடி பாறை மேல் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியாமல் எதுவும் நகர முடியாது.

இதற்கு மேல் பெரிய சண்டை வந்து சேர்ந்தது. 1152இல், இந்தப் பகுதியும் அடங்கிய அகித்தேன் நாட்டின் எலினோர், ஹென்றியை மணந்தார். ஹென்றி 1154இல் இங்கிலாந்து மன்னரானதும் இந்த நிலப்பரப்பும் இங்கிலாந்து முடியோடு ஒட்டிக்கொண்டது. 1337 முதல் 1453 வரை நடந்த நூற்றாண்டுப் போரில் வலக்கரையின் பேனாக் கோட்டை பிரெஞ்சுப் பக்கம் நின்றது. இடக்கரையின் காஸ்டெல்நோ பெரும்பாலும் ஆங்கிலேயர் பக்கம். ‘ஆறுதான் எல்லை’ என்று சுற்றுலாக்காரர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். காஸ்டெல்நோ பலமுறை கைமாறியது, 1442இல்தான் பிரெஞ்சுக்காரர் கையில் நிலைத்தது. போரை முடித்த 1453 சண்டையும் இதே ஆற்றின் கரையில்தான், வெகுதூரம் கீழே காஸ்டியோனில் நடந்தது.

ஜெயந்தன், லா கூர்நேவ்: அண்ணை, நாங்கள் பாரிசிலயிருந்து காரில வாறம். ரெண்டு பிள்ளையள், எட்டும் பன்ரெண்டும். ரெண்டு நாள்தான் இருக்கு. எதை விடலாம், எதை விடக்கூடாது?

பாரிசிலிருந்து சார்லா 500 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏ20 நெடுஞ்சாலையில் வியெர்சோனிலிருந்து ப்ரீவ் வரை சுங்கம் இல்லை.

ஒரு நாளுக்கு இரண்டு கோட்டைக்கு மேல் வேண்டாம். மூன்றாவதில் பிள்ளைகளுக்கு எல்லாச் சுவரும் ஒரே சுவராகத்தான் தெரியும். முதல் நாள் காலை கதவு திறக்கும்போதே காஸ்டெல்நோவுக்குள் போய்விடுங்கள். அங்கிருப்பது 1985இல் திறந்த இடைக்காலப் போர்க்கருவி அருங்காட்சியகம். வாள், கவசம், குறுக்குவில், முற்றத்தில் முழு அளவில் செய்து நிறுத்திய கல் உமிழும் பொறிகள் எல்லாம் உண்டு. இரண்டரை மணி நேரம் போய்விடும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு லா ரோக் கஜாக் ஊரில் படகுச் சவாரி, ஒரு மணி நேரத்துக்குள் முடியும்.

இரண்டாம் நாள் பேனாக். இது காஸ்டெல்நோவுக்கு நேர் மாறு: கண்ணாடிப் பெட்டியும் திரைப்படமும் குறைவு, வெறும் கல், பெரிய சமையலறை, சிறு வழிபாட்டு அறையில் 15ஆம் நூற்றாண்டுச் சுவரோவியம். மாலையில் மார்க்கெசாக் தோட்டம். காஸ்டெல்நோவையும் மார்க்கெசாக்கையும் ஒரே நிறுவனம் நடத்துகிறது. இரண்டுக்கும் சேர்த்து வாங்கும் டிக்கெட் மலிவு என்பதால் முதல் வாசலிலேயே கேட்டு வாங்குங்கள்.

விடக்கூடியது: மோன்ஃபோர், ஃபேராக் கோட்டைகள். இரண்டும் தனியார் வீடுகள், உள்ளே விடமாட்டார்கள். சாலையிலிருந்தோ ஆற்றிலிருந்தோ பார்த்தால் போதும்.

கவிதா, கோவை: அம்மாவுக்கு 70 வயது, முழங்கால் வலி. கூட்டிப் போகலாமா?

போகலாம், ஆனால் வாகனத்தை எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பேனாக்கில் ஆற்றோரம் நிறுத்தினால் கோட்டைவரை செங்குத்தான கல் பாவிய சந்து. மழை பெய்தால் வழுக்கும். அதைத் தவிர்த்து ஊரைச் சுற்றி மேலே போகும் சாலையில் ஏறுங்கள். கோட்டை வாசலுக்குப் பக்கத்திலேயே ஒரு நிறுத்துமிடம் உண்டு. உள்ளே மேடுபள்ளமான கல்தரையும் படிகளும் தப்பாது, கைத்தடி அவசியம்.

காஸ்டெல்நோ அம்மாவுக்கு ஒத்துவராது. நிறுத்துமிடத்திலிருந்தே ஏற்றம், உள்ளே சுழல் படிக்கட்டு, படி ஒவ்வொன்றும் ஒரு பக்கம் குறுகிப்போகும். நீங்கள் மேலே போகும் நேரத்தில் அவரை லா ரோக் கஜாக்கில் படகில் உட்கார வையுங்கள். படகுத்துறை சமதளம், ஆற்றிலிருந்து கோட்டைகளும் தெரியும். மார்க்கெசாக்கின் நடுப்பாதையும் பெரிய ஏற்றமில்லாதது. அதன் கோடியில் ஆற்றுக்கு 130 மீட்டர் உயரத்தில் ஒரு காட்சிமேடை இருக்கிறது. பேனாக், காஸ்டெல்நோ, லா ரோக் கஜாக், தூரத்தில் டோம் என்ற ஊர் எல்லாமே அங்கிருந்து கண்ணுக்கு எட்டும். இந்தப் பள்ளத்தாக்கில் ஒரே ஒரு இடம்தான் முடியும் என்றால் எந்த வயதுக்காரருக்கும் இதைத்தான் சொல்வேன்.

அருண், சென்னை: கார் இல்லாமல் முடியுமா?

முடியும், ஆனால் இழுபறி. போர்தோவிலிருந்து சார்லாவுக்கு நேரடி வட்டார ரயில் உண்டு, மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. சார்லாவிலிருந்து கோட்டைகள் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் பேருந்தை நம்பித் திட்டம் போட முடியாது. மின்சார மிதிவண்டி வாடகைக்கு எடுப்பது நல்ல வழி. ஒன்றைக் கவனியுங்கள்: சார்லாவிலிருந்து பழைய ரயில் தடத்தில் போட்ட அழகான மிதிவண்டிப் பாதை கார்சாக் பக்கம், அதாவது ஆற்றின் மேல்பகுதிக்குப் போகிறது. பேனாக்குக்கு அது போகாது. அந்தப் பக்கம் வண்டிகளோடு சேர்ந்துதான் ஓட்ட வேண்டும்.

கார் எடுப்பதானால் புறப்படும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிவிடுங்கள். அங்கே சாதாரணமாகக் கிடைப்பது கியர் வண்டி, ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்கூட்டியே பதிய வேண்டும். வலப்பக்க ஓட்டம் இரண்டு மணி நேரத்தில் பழகிவிடும். பழகாதது ஊருக்குள் பலகை எதுவும் இல்லாத சந்திப்பு. அங்கே வலப்பக்கச் சந்திலிருந்து வருகிறவருக்குத்தான் முன்னுரிமை, அது எவ்வளவு சின்னச் சந்தாக இருந்தாலும். நம்மவர்கள் இடிபடுவது பெரும்பாலும் இங்கேதான்.

ஜெயந்தன், லா கூர்நேவ்: கனூ விடலாமெண்டு பெரியவன் நிக்கிறான். ஆபத்தில்லையோ?

நீச்சல் தெரிந்தால் கனூ என்ற சிறு துடுப்புப் படகை ஓட்டலாம். கோடையில் இந்தப் பகுதி ஆறு மெதுவானது, பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர்தான். வித்ராக் ஊரில் ஏறி பேனாக்கில் இறங்கினால் சுமார் 16 கிலோமீட்டர், நின்று நின்று வந்தால் நாலு மணி நேரம். சின்னவளுக்கு அது நீளம். அவளும் வருவதானால் செனாக்கில் ஏறுங்கள், தூரம் ஏறக்குறையப் பாதியாகும். லா ரோக் கஜாக், காஸ்டெல்நோ, ஃபேராக், பேனாக் நாலும் அப்போதும் வழியில் வரும்.

படகு வாடகைக்குத் தருகிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, வேன் முன்னாலா பின்னாலா என்று. காரை முடியும் இடத்தில் விட்டு, வேனில் மேலே போய், துடுப்புப் போட்டுக்கொண்டு காருக்கே வந்து சேர்வதுதான் நிம்மதி. இல்லையென்றால் ஈரத் துணியோடு கரையில் வேனுக்குக் காத்திருக்க வேண்டும்.

சாவி, கைபேசி, பணம் எல்லாம் அவர்கள் தரும் பிளாஸ்டிக் பீப்பாயில் போட்டு மூடியை இறுக்கிப் படகோடு கட்டுங்கள். கட்டாத பீப்பாய் கவிழ்ந்தால் உங்களுக்கு முன்னால் பேனாக் போய்ச் சேரும். பாட்டா செருப்பு சேற்றில் கழன்றுவிடும், பின்வார் உள்ள செருப்போ பழைய ஷூவோ போடுங்கள். கனமானவர் பின்னால் உட்கார்ந்து திசை பார்க்க வேண்டும். ஆகஸ்டில் நீர் குறைந்தால் உள்வளைவில் கூழாங்கல் தட்டும், வெளிவளைவில்தான் ஆழம். தட்டி நின்றால் இறங்கி, நீர் வருகிற பக்கமாக நின்று தள்ளுங்கள். கீழ்ப்பக்கம் நின்றால் நீர் படகை உங்கள் கால் மேலேயே தள்ளும். பாலத் தூணில் படகு பக்கவாட்டில் மோதினால் தூணை நோக்கிச் சாய வேண்டும். பயத்தில் எல்லோரும் எதிர்ப்பக்கம் சாய்வார்கள், அப்போதுதான் தண்ணீர் ஏறிக் கவிழ்கிறது. ஆறு மேற்கே ஓடுகிறது, பிற்பகல் மேல்காற்று முகத்தில் அடிக்கும். பத்து மணிக்கு முன்பே புறப்பட்டுவிடுங்கள்.

செந்தில், மதுரை: காஸ்டெல்நோவில் உள்ள பெரிய கவண் பொறி எப்படி வேலை செய்கிறது? பையனுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும்.

ட்ரெபுஷே என்பது அதன் பெயர். நீண்ட மரக்கையின் குட்டை முனையில் பல டன் எடையுள்ள பெட்டி. நீண்ட முனையில் கயிற்றுத் தொட்டில், அதற்குள் கல். ஆட்கள் நீண்ட முனையைக் கீழே இழுத்துக் கொக்கியில் பூட்டுகிறார்கள், அந்நேரம் எடைப்பெட்டி மேலே ஏறி நிற்கிறது. கொக்கியை விட்டதும் பெட்டி விழுகிறது, நீண்ட கை மேலே வீசுகிறது, அதன் நுனியில் தொட்டில் இன்னொரு முறை சுழல்கிறது. இந்த இரண்டாவது சுழற்சிதான் சூட்சுமம். தொட்டில் இல்லாமல் கரண்டி போன்ற குழியில் கல்லை வைத்தால் தூரம் மிகவும் குறையும்.

தொட்டிலின் ஒரு கயிறு கை நுனியிலுள்ள இரும்பு முள்ளில் வளையமாக மாட்டியிருக்கும். முள் நேராக இருந்தால் வளையம் சீக்கிரம் கழன்று கல் வானத்தைப் பார்த்துப் போகும். அதிகம் வளைந்திருந்தால் தாமதமாகக் கழன்று முன்னாலேயே தரையில் அடிக்கும். குறி பார்ப்பதென்றால் அந்த முள்ளைக் கொஞ்சம் கொஞ்சமாக வளைப்பதுதான். நூறு கிலோ கல்லை இருநூறு மீட்டர்வரை எறியும். ஆனால் திரும்ப ஏற்ற நேரம் பிடிக்கும், மணிக்கு ஓரிரு முறைதான். அதனால் மதிலில் ஒரே இடத்தை நாள் கணக்கில் அடித்தார்கள்.

பக்கத்திலுள்ள வட்டமான பீரங்கிக் கோபுரத்தையும் பையனுக்குக் காட்டுங்கள். பொறிக்கு எதிராக உயரமான சுவர் போதும், பீரங்கிக்கு எதிராகத் தடித்த, உருண்டையான சுவர் வேண்டும். இரண்டு காலமும் ஒரே முற்றத்தில் நிற்கின்றன.

நந்தினி, பெங்களூரு: எது பழசு, எது பிற்காலத்தில் சரிசெய்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

துளைகளைப் பாருங்கள். வெளியே விரல் அகலக் கீற்று, உள்ளே ஆள் நிற்குமளவு விரிந்த குழி என்றால் அம்பெய்யும் துளை. கீற்றின் அடியில் வட்டமான ஓட்டை இருந்தால் துப்பாக்கிக் காலத்தில் செய்தது, அல்லது பழைய துளையை மாற்றியது. சுவரெங்கும் வரிசையாக வரும் சதுரத் துளைகளைக் காட்டி ‘இதுவும் அம்புக்குத்தான்’ என்பார்கள், இல்லை. அவை கட்டும்போது சாரக்கட்டை செருகிய குழிகள். மதில் உச்சியை ஒட்டி மட்டும் அப்படி ஒரு வரிசை இருந்தால், வெளியே நீட்டிய மர மாடத்தைத் தாங்கிய உத்திரங்களின் இடமாக இருக்கலாம்.

அடுத்து, கோட்டை எந்தப் பக்கம் பயந்தது என்று பாருங்கள். பேனாக்கில் ஆற்றுப் பக்கம் 150 மீட்டர்ப் பாறையே காவல். அகழியும் இரட்டை மதிலும் மேட்டுநிலப் பக்கம்தான். வாசலில் நின்று ஆற்றையே பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

லட்சுமி, கும்பகோணம்: சுத்த சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

இது வாத்துக் கறி நாடு, கவனம் தேவை. மோசமான பொறி உருளைக்கிழங்குதான்: சார்லா உருளைக்கிழங்கு என்று பூண்டும் பார்ஸ்லியும் போட்டு மணக்க மணக்க வரும், வதக்குவது வாத்துக் கொழுப்பில். பூண்டு சூப்பிலும் வாத்து அல்லது கூஸ் கொழுப்பு சேரும். பெரிகோர் சாலட் என்றால் மேலே வாத்தின் ஈரல், கறி கிடக்கும். ‘சான் க்ரெஸ் த கனார்’ என்று சொல்லிக் கேளுங்கள், வாத்துக் கொழுப்பு வேண்டாம் என்று அர்த்தம். சூடான ஆட்டுப்பால் சீஸ் வைத்த சாலட், வால்நட் ரொட்டி, ஸ்ட்ராபெர்ரி நம்பிச் சாப்பிடலாம். சீஸில் பாலைத் திரிக்கச் சேர்க்கும் விலங்கின் ரெனட் இருக்கும் என்பதால் அதையும் தவிர்ப்பவர் பழம், ரொட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சார்லாவில் புதனும் சனியும் காலைச் சந்தை. சமையலறை உள்ள வாடகை வீடு எடுத்து அங்கே காய் வாங்கிச் சமைப்பதுதான் உத்தமம். உணவகங்களில் மதியம் இரண்டு மணிக்கு மேல் அடுப்பு அணைந்துவிடும்.

அருண், சென்னை: எந்த மாதம்?

மே கடைசி, ஜூன், செப்டம்பர். ஜூலை ஆகஸ்டில் லா ரோக் கஜாக் வழியாகப் போகும் ஒற்றை ஆற்றோரச் சாலை பதினொரு மணிக்கு மேல் நகராது. ஆனால் மார்க்கெசாக்கில் வியாழன் இரவு மெழுகுவத்தி ஏற்றுவது அந்த இரண்டு மாதங்களில்தான். குளிர்காலத்தில் காஸ்டெல்நோவும் பேனாக்கும் திறந்திருக்கும், நேரம் மட்டும் குறையும். கனூ இருக்காது, மிலாந்து மாளிகையும் பெரும்பாலும் மூடியிருக்கும்.

நந்தினி, பெங்களூரு: மிலாந்து கோட்டைக்குப் போவது வீணா?

போர்க்கோட்டையைத் தேடிப் போனால் வீண். 1489இல் காஸ்டெல்நோவின் பிரபு, இருட்டுக் கோட்டையில் இருக்கப் பிடிக்காத மனைவிக்காக ஜன்னல் வைத்துக் கட்டிய மாளிகை அது. பாடகியும் நடனக் கலைஞருமான ஜோசஃபின் பேக்கர் 1947இல் அதை வாங்கி, தத்தெடுத்த பன்னிரண்டு பிள்ளைகளோடு வாழ்ந்தார். கடனில் மூழ்கி 1960களின் கடைசியில் இழந்தார். அவருடைய ஆடைகளும் அறைகளும் உள்ளே இருக்கின்றன, தோட்டத்தில் வல்லூறு பறக்கவிட்டுக் காட்டுவார்கள். காஸ்டெல்நோவிலிருந்து காரில் பத்து நிமிடம். காலையில் அங்கே ஏறி இறங்கிய கால்களுக்கு மாலையில் இது சரியாக இருக்கும்.