மர அறுவை ஆலை மூடப்பட்டது; மகளின் படிப்பு நிற்க வேண்டியதில்லை

அன்புள்ள ஐயா,

செங்கோட்டையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நீங்கள் வேலை பார்த்த மர அறுவை ஆலை மூடப்பட்டுவிட்டதையும், பிளஸ் டூ தேர்வு எழுதியிருக்கும் மகளை ஓராண்டு துணிக்கடை வேலைக்கு அனுப்பிவிட்டுப் பிறகு படிக்கவைக்கலாமா என்று யோசிப்பதையும் எழுதியிருந்தீர்கள். அனுப்ப வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ஓராண்டு என்று சொல்லி நிறுத்தப்படும் பெண்பிள்ளைகளில் பலர் மறுபடி கல்லூரிப் பக்கம் போவதே இல்லை. மேலும், ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்த உங்கள் மகளுக்குக் கட்டணம் நீங்கள் அஞ்சுகிற அளவுக்குத் தடையாக இராது. சான்றிதழ்களையும் கடைசித் தேதிகளையும் பற்றித்தான் நீங்கள் இப்போது கவலைப்பட வேண்டும்.

முதல் வேலையாக இ-சேவை மையத்துக்குச் சென்று புதிய வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். உங்கள் கையில் இருக்கும் பழைய சான்றிதழ் ஆலைக் கூலியை வைத்து வாங்கியது. அதையே நகலெடுத்துக் கொடுத்தால், இன்று இல்லாத வருமானத்தைக் கணக்கில் வைத்து உதவித்தொகை மறுக்கப்படலாம். ஆலை மூடப்பட்டதற்கு நிர்வாகம் கொடுத்த கடிதம் இருந்தால் அதையும் கிராம நிர்வாக அலுவலரிடம் காட்டுங்கள். உங்கள் குடும்பத்தில் இதற்குமுன் யாரும் பட்டம் பெறவில்லை என்பதால், முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழையும் மகள் பெயரில் அப்போதே கேட்டுவிடுங்கள்.

மகள் வனவியல் படிக்க விரும்புவதாகவும், 'மரத்தை நம்பி நான் பட்டது போதாதா' என்று நீங்கள் தடுத்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனாலும் கூலிக்கு மரம் அறுப்பதும் வனவியலில் பட்டம் பெறுவதும் ஒரே வாழ்க்கையைத் தருவதில்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் மேட்டுப்பாளையத்தில் இயங்கும் வனக் கல்லூரியில் இளநிலை வனவியல் பட்டப்படிப்பு இருக்கிறது. அறிவியல் பாடங்கள் படித்த மாணவர்கள் பிளஸ் டூ மதிப்பெண் தரவரிசைப்படி அதில் சேர்க்கப்படுகிறார்கள். நீட் தேர்வு தேவையில்லை. தொழிற்கல்விப் படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021-இல் கொண்டுவரப்பட்ட 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால், கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றுக்கொள்கிறது. அதோடு, 2022-இல் தொடங்கப்பட்ட புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவளுடைய வங்கிக் கணக்கிலேயே சேரும். வேறு உதவித்தொகை வாங்குவது இதற்குத் தடையில்லை. பட்டம் பெற்றபின் அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் வனத் தொழில் பழகுநர் தேர்வையும் அவள் எழுதலாம்.

அந்த இடம் கிடைக்காமலும் போகலாம். ஆகவே, குற்றாலம் ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரியில் தாவரவியல், வேதியியல் போன்ற பாடங்களுக்கும் அதே வாரத்தில் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். வீட்டிலிருந்தே போய்வரலாம், சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமும் கிடையாது.

ஆலையிலிருந்து வரவேண்டிய பணத்தைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மூடப்படும் நிறுவனத்தின் தொழிலாளிக்கு, பணி முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிக் கூலி இழப்பீடாக வரவேண்டும் என்பது பொதுவான சட்ட விதி. பத்து பேருக்குக் குறையாமல் வேலை செய்த இடமாக இருந்தால், ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பணிபுரிந்தவருக்குப் பணிக்கொடை தனியாக உண்டு. கணக்கைப் பார்க்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஐயம் இருந்தால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேளுங்கள். பணம் கைக்கு வந்தபின், தனியார் கல்லூரியில் இடம் வாங்கித் தருவதாகச் சொல்லி வரும் தரகர் எவரிடமும் அதில் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். வேலையிழந்த குடும்பங்களின் இழப்பீட்டுத் தொகை இப்படிக் கரைந்துபோவதைக் காணும்போது எனக்கு மிகுந்த வருத்தமாக இருக்கிறது.

உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் படிப்பில் இடம் உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், புள்ளி ஆந்தையைக் காக்கவென 1990-களில் மரம் வெட்டுவது கட்டுப்படுத்தப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தபோது, தொழிலாளர்களுக்கு மட்டுமன்றி வேலையில்லாத அவர்களுடைய வாழ்க்கைத் துணைக்கும் உயர்கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய அம்மாநிலச் சட்டம் வழி செய்தது. நம் ஊரில் அப்படி ஒரே சட்டம் இல்லாவிட்டாலும், தனித்தனியாகச் சில வழிகள் இருக்கின்றன. பத்தாம் வகுப்பு முடித்த உங்கள் மனைவி அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் சேரலாம்; அங்கே பெண்களுக்கு வயது உச்சவரம்பு இல்லை. உருட்டு மரத்தின் வெட்டுமுகத்தைப் பார்த்தே உள்வெடிப்பு எங்கே ஓடுகிறது, எந்தப் பக்கம் திருப்பிவைத்து அறுத்தால் சேதாரம் குறையும் என்று சொல்லக்கூடிய உங்கள் அனுபவத்துக்கு, முன்னனுபவத் திறன் மதிப்பீட்டின் மூலம் அரசுச் சான்றிதழ் பெற முடியும். இப்போது தச்சு வேலைக்குப் போகத் தொடங்கியிருப்பதாக எழுதியிருப்பதால், கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் உடனே பதிவு செய்யுங்கள். உறுப்பினரின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை உண்டு என்பதால், ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் மகனுக்கும் வரும் ஆண்டுகளில் அது பயன்படும்.

மகளின் மதிப்பெண் பட்டியல் வந்தவுடன் அவள் எடுத்த பாடப்பிரிவையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள். விண்ணப்பத்தில் பாடங்களை எந்த வரிசையில் குறிக்கலாம் என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.