தீனிய விடுங்க, முதல்ல சூடு

வாசகர் கடிதம்:

அக்கா, என்ர பேரப் போட்டிராதீங்க, ஏனெண்டு வாசிக்கக்குள்ள விளங்கும். எங்கட வீட்டில 14 வருஷமா ஒரு நட்சத்திர ஆமை நிக்குது. அப்பா உன்னிச்சைப் பக்கம் வயலுக்குப் போகக்குள்ள காட்டுக்கு நெருப்பு வெச்ச இடத்தில ஓட்டில சூடு பட்டுக் கிடந்ததத் தூக்கிக்கொண்டு வந்தவர். அப்பா போன வருஷம் மோசம் போயிட்டார். இப்ப இது 9 நாளாத் தின்னுதில்ல. மூக்கில நுரை வருது, கண்ண மூடிக்கொண்டு கழுத்த நீட்டி வாயத் திறந்து திறந்து மூச்சு எடுக்குது. அம்மா, மாரிக்குத் தூங்குது எண்டு சொல்லிக்கொண்டே பால்சோத்தக் கரைச்சு சிரிஞ்சால பருக்குறா. இங்க ஒரு மிருக டொக்டரிட்டக் கேட்டம், மாடு ஆடுதான் பாக்கிறன், ஆமை பழக்கமில்ல எண்டார், பூச்சி மருந்து ஒண்டு போட்டுப் பாப்பமா எண்டும் கேட்டார். தம்பி வாவியில விட்டிருவம் எண்டுறான். வனஜீவராசி ஆக்களுக்குத் தெரிஞ்சா வழக்கு வருமோ எண்டு அம்மாவுக்குப் பயம். என்னக்கா செய்யிற, இத இப்பிடியே போக விடுறதா?

ஆரையம்பதியில இருந்து ஒரு தங்கச்சி

பதில்:

தங்கச்சி, கடிதம் கண்ட உடனே உங்களுக்கு ரெண்டு வரி அனுப்பினன், சிரிஞ்சக் கீழ வெய்யுங்க, பல்ப் ஒண்டு போடுங்க எண்டு. மிச்சத்த இங்க எழுதுறன்.

நானும் ஒரு ஆமைய இப்பிடித்தான் பறிகுடுத்தன். அப்ப எனக்குப் பதினாறு பதினேழு வயசிருக்கும், மாரி மழை விடாமக் கொட்டுது, ஆமை மூலைக்குள்ள தலைய இழுத்துக்கொண்டு கிடக்கு, எங்கட அம்மம்மாவும் தூங்குது எண்டுதான் சொன்னா, எனக்கு மனசு கேக்கல்ல, வாழைப்பழத்தப் பால்ல மசிச்சு வாயத் திறந்து ஊத்தினன், நாலாம் நாள் விடியப் பாக்கக்குள்ள சரி. நான் குடுத்த தீனிதான் அதக் கொண்டது எண்டு விளங்க எனக்குக் கனகாலம் எடுத்திச்சு. அம்மாவ ஏசிராதீங்க புள்ள. எங்கட பக்கம் ஒரு உசிருக்கு வருத்தம் எண்டா முதல்ல கை போறது சோத்துப் பானைக்குத்தான், அவ அப்பா விட்டுட்டுப் போன உசிருக்கு ஊட்டுறா.

ஆனா ஆமைக்கு அது சரிவராது. அதுக்கு உடம்புக்குள்ள சொந்தச் சூடு இல்ல, வெளியில இருக்கிற சூடுதான் உள்ளயும். உடம்பு குளுந்து கிடந்தாக் குடல் ஓடாது, போற தீனி உள்ளுக்க அப்பிடியே கிடந்து புளிச்சுப் போகும். பால் அதுக்குச் செமிக்கவே செமிக்காது. அதோட மூச்சுக்குழல் வாய் நாக்குக்குப் பின்னாலயே இருக்கு, மூச்சுக்குத் தவிக்கிற நேரம் சிரிஞ்சால ஊத்தினா நேர நெஞ்சுக்குள்ள போயிரும். எங்களுக்கு நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவில இருந்து இருமித் தள்ள உதவுற தசை அதுக்கு எங்களப்போல இல்ல, உள்ள போன சளியும் தண்ணியும் வெளிய வர வழி தெரியாம நிண்டிரும். நீங்க எழுதின நுரையும் வாய்த் திறப்பும் நெஞ்சுச் சளி முத்தினதுக்கு அடையாளம், தூக்கம் இல்ல. நட்சத்திர ஆமை மாரிக்குத் தூங்குற சாதியும் இல்ல, காட்டில மழை பெய்யக்குள்ளதான் அது நல்லா எழும்பித் திரியும். மாரியில உங்கட ஆமை அசையாமக் கிடக்கு எண்டா அது வருத்தம்தான். தின்னாம விட்டு 9 நாள் எண்டு நீங்க எண்ணுறீங்க, வருத்தம் அதுக்கு முந்தியே துவங்கியிருக்கும், ஆமை கடைசி மட்டும் காட்டிக் குடுக்காது.

சூட்டுக்குப் பெரிய சாமான் ஒண்டும் வேணாம். கோழிக்குஞ்சுக்குப் போடுற பழைய குண்டு பல்ப், 60 வாட், அது போதும் (எல்ஈடியில சூடு வராது). பெரிய காட்போட் பெட்டியில ஒரு பக்கத்துக்கு மேல தூக்கிக் கட்டுங்க, மட்டைல முட்டாம, மற்றப் பக்கம் நிழலா இருக்கோணும், சூடு கூடினா அதுவா நகர. முதுகு ஓட்டு உயரத்தில ஒரு தெர்மாமீட்டர் வெச்சு, பகலும் ராவும் 28க்கும் 30க்கும் இடையில நிக்குதா எண்டு பாருங்க. மாரியில எங்கட பக்கம் ராவைக்கு 23, 24க்கு இறங்கும், சீமெந்துத் தரை அதவிடக் குளிரும், எங்களுக்கு அது சுகம், நெஞ்சுச் சளி வந்த ஆமைக்கு அது ஆகாது. பல்ப் வெளிச்சம் ராவைக்குக் கரைச்சல் எண்டா பெட்டிக்கு வெளியில சுடுதண்ணிப் போத்தல் துணி சுத்தி வெச்சு மாத்தி மாத்தி வெய்யுங்க, அலுப்புத்தான், ஆனா முதல் நாலஞ்சு நாள் அந்த அலுப்புத்தான் வைத்தியம்.

மறுகா தண்ணி. ஒரு பேசினில, கை வெச்சா இளஞ்சூடா இருக்கிற தண்ணி, அதின்ட நாடிக்குக் கீழ மட்டும், காலையும் பின்னேரமும் இருவது நிமிஷம். தலையத் தூக்கிப் பிடிக்க ஏலாமத் தொங்குது எண்டா நாடிக்குக் கீழ கை குடுத்துப் பக்கத்திலயே இருங்க, ஃபோன் அடிச்சாலும் எழும்பாதீங்க. அதுவாக் குடிக்கும், பேசினுக்குள்ளயே மூத்திரமும் பேயும். வெள்ளையாக் களி மாதிரி வந்தாப் பயப்பட வேணாம், அது அப்பிடித்தான். மணல் மாதிரிக் கரகரப்பா வந்தா உடம்பு காஞ்சு போச்சு, இன்னும் ரெண்டு மூண்டு நாளைக்குத் தண்ணியில வெக்கிறத நிப்பாட்டாதீங்க. அந்த பேசின குசினிக்குள்ள கொண்டு போகாதீங்க, ஆமையில சல்மொனெல்லாக் கிருமி இருக்கும், தொட்ட கைய சவர்க்காரம் போட்டுக் கழுவோணும், சின்னப் புள்ளையள் இருந்தா இன்னும் கவனம்.

தினமும் விடிய ஒரே நேரத்தில நிறுத்து, கிராம் கணக்கக் கொப்பில எழுதி வெய்யுங்க. டொக்டருக்கு இது பெரிய உதவி, ஊசி மருந்து நிறையப் பாத்துத்தான் அளக்கிற.

ஓம், ஊசி இல்லாம இது மாறாது எண்டுதான் நினைக்கிறன். சூடும் தண்ணியும் அத மருந்து தாங்குற நிலைக்குக் கொண்டு வரும், அவ்வளவுதான். உங்கட ஊர் டொக்டரில எனக்குக் குறை இல்ல, எங்கட பக்கத்து மிருக வைத்தியசாலையள் மாட்டுக்கும் ஆட்டுக்கும் கோழிக்கும் எண்டு இருக்கிறது, அவர் தெரியாது எண்டு நேராச் சொன்னதே நல்ல மனுசன் எண்டதுக்குச் சாட்சி. ஆனா அந்தப் பூச்சி மருந்து விஷயத்தில மட்டும் கவனம். மாட்டுக்கும் ஆட்டுக்கும் பூச்சிக்கும் உண்ணிக்கும் போடுற ஐவர்மெக்டின் ஆமைக்கு நஞ்சு, கொஞ்சம் போட்டாலே கை கால் விழுந்து செத்துப் போகும். ஆர் குடுத்தாலும் பேரக் கேளுங்க, அந்த மருந்தெண்டா வேணாம் எண்டு கும்பிட்டுச் சொல்லுங்க. அதோட, ஆமைக்கு ஊசி முன் காலிலதான் போடுற வழக்கம், பின் காலில போட்டா மருந்து சிறுநீரகம் வழியா வீணாப் போகலாம் எண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்து மிருக வைத்திய பீடத்தில ஆஸ்பத்திரி இருக்கு, முதல்ல கோல் எடுத்துக் கேளுங்க, மறுகா மகியங்கனை வழியாக் கண்டி பஸ்ஸில போகலாம். போறதெண்டா துணி சுத்தின சுடுதண்ணிப் போத்தலோட பெட்டிய மடியில வெச்சுக்கொண்டு போங்க, ஏசி பஸ் வேணாம்.

இனி அந்தப் பயம். நட்சத்திர ஆமை இந்த நாட்டில சட்டம் காக்கிற மிருகம், அனுமதி இல்லாம வீட்டில வெச்சிருக்கிறது குற்றம்தான், 2019இல இருந்து அத நாடு விட்டு நாடு விக்கிறதுக்கும் உலகத் தடை இருக்கு. அப்பா நெருப்பில இருந்து காப்பாத்தினார், அது வேற கதை, சட்டத்துக்கு அது தெரியாது. என்ர அபிப்பிராயம், நீங்களே 1992க்கு அடிச்சு வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு உள்ளதச் சொல்லுங்க, அவங்களிட்ட மிருக டொக்டர்மாரும் இருக்காங்க. சுகமானாலும் இது உங்களிட்டத் திரும்பி வராமப் போகலாம், அதுக்கும் மனச ஆயத்தப்படுத்துங்க. பயத்தில ஒளிச்சு வெச்சா அது உங்கட வீட்டு மூலைக்குள்ள மூச்சுத் திணறித்தான் சாகும், அத அம்மா தாங்குவாவா?

தம்பியிட்டச் சொல்லுங்க, இது நீந்துற ஆமை இல்ல, வாவியில விட்டாத் தாண்டு போகும். காட்டிலயும் விடக்கூடாது, இதின்ட சளி அங்க நல்லா இருக்கிற ஆமையளுக்கும் தொத்தும்.

போக விடுறதா எண்டு கேட்டீங்க. இப்ப இல்ல. ஆமைக்கு மருந்து புடிக்கிறதே கிழமைக் கணக்கு, மூண்டு நாளில மாற்றமில்ல எண்டு கை விட்டிராதீங்க. நல்ல சூட்டோட மருந்தும் போய், நிறை இறங்கிக்கொண்டே போய், தலை தூக்காமக் கிடந்தா அப்ப டொக்டரிட்ட ஊசி போட்டு அனுப்பச் சொல்லிக் கேக்கலாம், அது பாவமில்ல. ஐஸ் பெட்டிக்குள்ள வெச்சா நோகாமப் போயிரும் எண்டு ஆரும் சொன்னாக் கேக்காதீங்க, அது நோகும். அடங்கிட்டு எண்டு நினைச்சாலும் உடனே புதைக்காதீங்க, ஆமை குளிரில செத்தது போலக் கிடக்கும், சூட்டில வெச்சு ஒரு நாளாவது பாருங்க.

அது கண்ணத் திறந்து, தண்ணி குடிச்சு, ஒரு எட்டு நடந்தாப் பிறகு தீனி. அதுவும் முன்னுக்கு வெய்யுறது மட்டும், வாயில திணிக்கிறது இல்ல. செவ்வரத்தம்பூ ஒண்டு, செவப்பு நிறம் கண்டா அதுக்கு ஆசை வரும், அதின்ட இலை, அறுகம்புல், நாகதாளி மடல் முள்ளச் சீவி. பாணும் சோறும் இனி எண்டைக்கும் வேணாம். கல்லடிக் கடற்கரையில ஒதுங்குற கணவாய் ஓட்டக் கழுவிக் காயவெச்சு ஒரு துண்டு போட்டு வெய்யுங்க, ஓட்டுக்குச் சுண்ணாம்பு அதில கிடைக்கும். வெயில் எறிச்சா காலையில கொஞ்ச நேரம் நேர் வெயில், கண்ணாடிக்குப் பின்னால வாற வெயில் உதவாது.

செவ்வரத்தம்பூப் புடுங்குற வேலைய அம்மாவிட்டக் குடுங்க. நாளைக்கு விடிய நிறுத்த உடனே கிராம் கணக்க எனக்கு அனுப்புங்க, 1992க்கு அடிச்சு என்ன சொன்னாங்க எண்டும் எழுதுங்க.