மலையில் மட்டும் காருக்குள் பெட்ரோல் வாடை அடிப்பது ஏன்?

கேமரன் மலையில் ஓர் இரவு தங்கிவிட்டுக் காலையில் காரை எடுத்தால் பெட்ரோல் வாடை அடிக்கிறது, கோலாலம்பூருக்கு வந்து சேர்ந்ததும் வாடையே இல்லை, ஒர்க்‌ஷாப்பிலும் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள், அப்படியே விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடாதீர்கள். எனக்கும் இதேதான் நடந்தது. நான் எட்டு மாதம் விட்டுவைத்தேன்.

எனக்கு வீடு பட்டர்வொர்த். காருக்குப் பதிமூன்று வயது. தீபாவளி விடுமுறையில் சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலை ஏறிப்போய் அங்கே பிரிஞ்சாங்கில் தங்கினோம். மறுநாள் விடியற்காலை 16 டிகிரி. ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, பின் சீட்டிலிருந்து அம்மா, "என்னடா இது, எண்ணெய் ஸ்டேஷன்ல நிக்கிற மாதிரி இருக்கு" என்றார். கம்போங் ராஜா தாண்டுவதற்குள் வாடை போய்விட்டது. நானும் மறந்துவிட்டேன்.

எல்லா வாடையும் ஒழுகல் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். இன்ஜின் குளிர்ந்து கிடக்கும்போது பெட்ரோல் சரியாக ஆவியாகாது. அதனால் கார் கம்ப்யூட்டர் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே பெட்ரோலை உள்ளே விடும். அதில் கொஞ்சம் எரியாமல் எக்ஸாஸ்ட் வழியாக வெளியேறும். அதைச் சுத்தம் செய்ய வேண்டிய கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சுமார் 250, 300 டிகிரிக்குச் சூடேறினால்தான் வேலை செய்யும். ஆகவே வாடை காரின் பின்பக்கம் மட்டும் இருந்து, ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிட்டால் கவலை இல்லை. போனட் பக்கம் நின்றால் அடிக்கிறதா, காருக்குள் அடிக்கிறதா என்று பாருங்கள். அங்கே அடித்தால் கதை வேறு.

மலை ஏறி நிறுத்திய உடனே வாடை வந்தால் அது இன்னொரு விஷயம். பிரிஞ்சாங் சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 15 சதவீதம் குறைவு, அதனால் டேங்கில் இருக்கும் ஆவி வெளியே தள்ளப் பார்க்கும். அதைப் பிடித்துவைக்க ஒரு கரி டப்பா இருக்கிறது. நாசில் தானாக நின்ற பிறகும் இன்னும் இரண்டு தடவை அமுக்கி ஊற்றுகிறோமே, அந்தப் பழக்கம் இந்த டப்பாவுக்குள் பெட்ரோலையே இறக்கிக் கெடுத்துவிடும். டேங்க் மூடியின் ரப்பர் வெடித்திருந்தாலும் இதே வாடைதான்.

ஆனால் உங்களுக்கு வருவது காலையில், குளிர்ந்த இன்ஜினில். எனக்கு ரப்பர் மேல்தான் சந்தேகம். இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒவ்வொன்றும் பெட்ரோல் குழாயில் உட்காரும் இடத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஓர் ஓ-ரிங், அதாவது ரப்பர் வளையம், இருக்கும். பெரும்பாலான கார்களில் அங்கே சுமார் 3 பார் அழுத்தம். ரப்பர் குளிரில் சுருங்கி விறைத்துப்போகும், அந்த இடைவெளியில் பெட்ரோல் கசியும், சூட்டில் விரிந்து மறுபடி அடைத்துக்கொள்ளும். கனடாவில் இருக்கும் என் அக்கா மகனுக்கு மைனஸ் 20-இல் இப்படி ஆயிற்று. அவனுக்கு ஒரு ஹோஸ் கிளிப்பை இறுக்கியதோடு சரியாகிவிட்டது. நம் ஊரில் அந்தக் குளிர் ஏது என்று கேட்கலாம். நம் ஊர் வெயிலும் ஜாமும் போனட்டுக்குள் அந்த ரப்பரை வருஷக்கணக்கில் வேகவைத்துவிடுகின்றன. கல்லாகிப் போன ரப்பருக்கு 16 டிகிரியே போதும்.

இன்னொன்று எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. கீழே நாம் ஏர்கோனை உள்காற்றே சுற்றும்படி வைத்து ஓட்டுகிறோம். மலையில் ஏர்கோனை அடைத்துவிட்டு வெளிக்காற்றை உள்ளே விடுகிறோம். அந்தக் காற்று உள்ளே வரும் வழி முன் கண்ணாடிக்குக் கீழே, போனட்டை ஒட்டி. ஆக, வீட்டு வாசலிலும் என் கார் கசிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. நாங்கள்தான் முகரவில்லை.

நான் முதலில் காட்டிய இடத்தில் மதியம் இரண்டு மணிக்கு, சூடான இன்ஜினைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். அப்புறம் பாகானில் ஒரு ஃபோர்மேன் (மெக்கானிக்) அண்ணன், "தம்பி, ராத்திரியே வண்டிய விட்டுட்டுப் போ. காலைல நீ வர்ற வரைக்கும் நான் சாவியத் தொட மாட்டேன்" என்றார். ஏழு மணிக்குப் போனேன். ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்யச் சொன்னார். பின்னால் பம்ப் இரண்டு விநாடி உறுமி நின்றது. குழாயில் அழுத்தம் ஏற, அப்படி நான்கு தடவை. பிறகு டிஷ்யூ பேப்பரைத் திரியாக முறுக்கி ஒவ்வோர் இன்ஜெக்டர் தலையிலும் ஒற்றினார். மூன்றாவதில் ஐந்து காசு அளவுக்கு ஈரம். என்னிடம் நீட்டுவதற்குள் பாதி காய்ந்துவிட்டது, வாடை மட்டும் குப்பென்று. அந்த இடத்துக்குக் கீழே படிந்திருந்த தூசியில் ஒரு விரல் நீளத்துக்குக் கழுவிவிட்ட மாதிரி கோடு. கழற்றிய ரிங்கை நகத்தால் அழுத்தினேன், பதியவே இல்லை. வளைத்ததும் பட்டென்று ஒடிந்தது. நான்கையும் மாற்றினோம். சாமான் 32 வெள்ளி, கூலி 60.

குளிரில் பெட்ரோல் பற்றாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மைனஸ் 40 டிகிரியிலும் தீப்பற்றும் அளவுக்கு அது ஆவி விடும். அந்த ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். கொண்டோவின் அடித்தளக் கார் நிறுத்துமிடத்தில் அது நல்லதில்லை. காருக்கடியில் சொட்டுவதைக் கண்ணால் பார்த்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள், எல்லாரும் இறங்கித் தள்ளி நின்று 999-ஐக் கூப்பிடுங்கள், போம்பா (தீயணைப்புப் படை) வரும். சிகரெட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சொட்டு இல்லை, வாடை மட்டும்தான் என்றால் இந்த வாரமே ஃபோர்மேனிடம் விடுங்கள். குளிர்ந்த இன்ஜினில், சாவி ஆன் செய்து, இன்ஜெக்டர் ரிங், ஹோஸ் கிளிப் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். பின் சீட்டில் வாடை தூக்கலாக இருந்தால் சீட்டுக்கு அடியில் பம்ப் மூடியின் ரப்பரையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். காரை முதல் நாள் இரவே விட்டுவிட்டு வர வேண்டும். மதியம் ஓட்டிக்கொண்டு போனால் மறுபடியும் "ஒன்னும் இல்ல"தான்.