சர்வரிலிருந்து இறக்கும் பாலிசி ஃபைல்களை கேச் செய்யும் சி பேட்ச்: ரிவ்யூவில் எங்கே கண் வைப்பது?

கேள்வியின் சாரம் இது: லினக்ஸ் மெஷின்களை ஆக்டிவ் டைரக்டரியில் (யூசர்களையும் மெஷின்களையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் அமைப்பு) சேர்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு லாகினுக்கும் டொமைன் கன்ட்ரோலரிலிருந்து (அதை நடத்தும் சர்வர்) குரூப் பாலிசி ஃபைல்களை (யார் லாகின் செய்யலாம் போன்ற விதிகள்) இறக்குவது மெதுவாக இருப்பதால், இறக்கியதை டிஸ்க்கில் வைத்துக்கொண்டு வெர்ஷன் மாறினால் மட்டும் மறுபடி இறக்கும்படி ஒரு பேட்ச் (நிரலில் செய்யும் திருத்தம்) வந்திருக்கிறது. கம்பைல் ஆகிறது, டெஸ்ட் எல்லாம் பாஸ். ரிவ்யூ செய்யச் சொன்னால் எதைப் பார்ப்பது?

இப்படிப்பட்ட பேட்சை நான் முதல் வரியிலிருந்து படிப்பதில்லை. டிஸ்க்கில் எழுதும் இடங்களை மட்டும் தேடி எடுத்து, எந்த வரிசையில் நடக்கின்றன என்று ஓரமாகக் குறித்துக்கொள்வேன். அப்புறம் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரே கேள்விதான்: ப்ராசஸ் இங்கேயே செத்துப்போனால் டிஸ்க்கில் என்ன மிஞ்சும், அடுத்த முறை ஓடும்போது நிரல் அதைப் பார்த்து என்ன முடிவுக்கு வரும்? கேச் பேட்சில் வரும் மோசமான பிழைகளில் பாதிக்கு மேல் இந்தக் கேள்வியிலேயே மாட்டிக்கொள்ளும். மெமரி லீக், கமென்ட்டில் எழுத்துப்பிழை, இன்டென்டேஷன் இதெல்லாம் பிறகு.

கொஞ்சம் பின்னணி. ஒரு ஜிபிஓ (குரூப் பாலிசி ஆப்ஜெக்ட், அதாவது ஒரு பாலிசித் தொகுப்பு) இரண்டு இடத்தில் இருக்கிறது. அதன் பதிவு ஆக்டிவ் டைரக்டரியில், எல்டாப் (டைரக்டரியைப் படிக்கும் நெறிமுறை) வழியே படிப்பது. அதன் ஃபைல்கள் டொமைன் கன்ட்ரோலர் பகிரும் சிஸ்வால் என்ற ஃபோல்டரில், எஸ்எம்பி (விண்டோஸ் ஃபைல் பகிர்வு நெறிமுறை) வழியே இறக்குவது. இரண்டிலும் ஒரு வெர்ஷன் எண் உண்டு. சிஸ்வாலில் அது ஜிபிடி.ஐஎன்ஐ என்ற குட்டி டெக்ஸ்ட் ஃபைலில் ஒரே வரியாக இருக்கும். அது 32 பிட் எண், மேல் 16 பிட் யூசர் பகுதிக்கு, கீழ் 16 பிட் கம்ப்யூட்டர் பகுதிக்கு. 196613 என்று பார்த்தால் யூசர் பகுதி 3, கம்ப்யூட்டர் பகுதி 5 என்று பொருள். கேச் செய்கிறவர்கள் எல்லோரும் இந்த எண்ணைத்தான் பிடித்துக்கொள்வார்கள், சரிதான், வேறு நல்ல வழியும் இல்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். இயல்பாக எழுதுகிறவர் எப்படி எழுதுவார்? ஜிபிடி.ஐஎன்ஐயை இறக்கு, டிஸ்க்கில் சேமி, உள்ளே இருக்கும் எண்ணை பழைய எண்ணோடு ஒப்பிடு, மாறியிருந்தால் மற்ற பாலிசி ஃபைல்களை ஒவ்வொன்றாக இறக்கிச் சேமி. படிக்க அழகாக இருக்கும், டெஸ்ட்டும் பாஸ் ஆகும். ஆனால் ஜிபிடி.ஐஎன்ஐ சேமித்த பிறகு, பாலிசி ஃபைல் வந்துகொண்டிருக்கும்போது நெட்வொர்க் அறுந்தது என்று வையுங்கள். டிஸ்க்கில் இருப்பது புது வெர்ஷன் எண்ணும் பழைய பாலிசியும். அடுத்த லாகினில் நிரல் சர்வரின் எண்ணைக் கேட்கும், கையில் இருப்பதும் அதே எண், "மாறவில்லை" என்று பழைய பாலிசியையே எடுத்துக்கொள்ளும். எரர் கிடையாது, லாக்கில் ஒரு வரி கிடையாது. அட்மின் ஒருவரின் லாகின் அனுமதியைப் பிடுங்கிவிட்டார், சர்வரில் எல்லாம் சரியாக இருக்கிறது, இந்த ஒரு மெஷினில் மட்டும் அவர் உள்ளே வந்துகொண்டே இருக்கிறார். வேறு யாராவது அந்த ஜிபிஓவை மறுபடி திருத்தி எண் கூடும்வரை இது தானாகத் தீராது.

திருத்தம் சுலபம். ஜிபிடி.ஐஎன்ஐயை முதலில் இறக்க வேண்டும், கடைசியில் சேமிக்க வேண்டும். இரண்டு பாதியும் முக்கியம். கடைசியில் சேமித்தால், நடுவில் அறுந்தாலும் மிஞ்சுவது பழைய எண், அதனால் அடுத்த முறை வீணாக ஒரு தடவை கூடுதலாக இறக்குவோம், அவ்வளவுதான். முதலில் இறக்குவது ஏன் என்றால், பாலிசியை இறக்கி முடித்து ஜிபிடி.ஐஎன்ஐக்குப் போவதற்குள் அட்மின் திருத்தம் செய்துவிட்டால் பழைய பாலிசிக்குப் புது எண் ஒட்டிக்கொள்ளும், மறுபடி அதே நோய். ரிவ்யூவில் நான் இதை இப்படி எழுதுவேன்: "ஜிபிடி.ஐஎன்ஐ சேமித்த பிறகு பாலிசி இறக்கம் தோற்றால், அடுத்த ரன்னில் வெர்ஷன் சமம் என்று பழைய ஃபைல் பயன்படும். எல்லா ஃபைலும் டிஸ்க்கில் வந்த பிறகே இதைச் சேமிக்கவும்." பிழை எந்தச் சூழலில் வரும் என்று கதையாகச் சொல்லிவிட்டால் எழுதியவர் வாதம் செய்யமாட்டார், "வரிசையை மாற்றவும்" என்று மட்டும் எழுதினால் ஏன் ஏன் என்று நான்கு மெயில் வரும்.

அடுத்து, எந்த எண்ணைச் சேமிக்கிறார்கள் என்று பாருங்கள். ஆக்டிவ் டைரக்டரி டேட்டாபேஸும் சிஸ்வாலும் டொமைன் கன்ட்ரோலர்களுக்கு இடையே தனித்தனி வழியில் நகலாகின்றன, ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். எல்டாப்பில் எண் 6 என்று வந்துவிட்டது, நாம் பேசும் சர்வரின் சிஸ்வாலில் இன்னும் 5-தான் இருக்கிறது. பேட்ச் எல்டாப்பிலிருந்து வந்த 6-ஐ "கேச் வெர்ஷன்" என்று எழுதிவைத்தால், 5-இன் உள்ளடக்கத்துக்கு 6 என்ற முத்திரை விழுந்துவிடும். ஃபைல்களோடு சேர்ந்து வந்த எண்ணைத்தான் ஃபைல்களோடு வைக்க வேண்டும். இதே காரணத்தால், இறக்கும் இணைப்பு குறிப்பிட்ட ஒரு சர்வரின் பெயருக்குப் போகிறதா, பொதுவான டொமைன் பெயருக்குப் போகிறதா என்பதையும் பார்ப்பேன். டொமைன் பெயர் என்றால் ஒவ்வொரு இணைப்பும் வேறு வேறு கன்ட்ரோலரில் போய் விழலாம்: எண் ஒரு வீட்டிலிருந்து, ஃபைல் இன்னொரு வீட்டிலிருந்து.

ஒப்பிடும் வரியில் "பெரியதாக இருந்தால்" என்று எழுதியிருப்பார்கள், பெரும்பாலும். "சமமாக இல்லாவிட்டால்" என்று மாற்றச் சொல்லுங்கள். சர்வரில் எதையாவது பேக்கப்பிலிருந்து மீட்டால் எண் பின்னோக்கியும் போகலாம், அப்போது பெரியதாகும்வரை காத்திருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

கேச் டைரக்டரியின் பாதையில் டொமைன் பெயர் இருக்கிறதா? ஜிபிஓவின் நீளமான அடையாள எண் உலகத்திலேயே தனித்தன்மையானது, அது மட்டும் போதும் என்று நினைக்கத் தோன்றும். பொதுவாக உண்மைதான், ஆனால் டீஃபால்ட் டொமைன் பாலிசிக்கும் டீஃபால்ட் டொமைன் கன்ட்ரோலர்ஸ் பாலிசிக்கும் எல்லா டொமைனிலும் ஒரே அடையாள எண்தான். ஒரே மெஷின் இரண்டு டொமைன்களோடு பேசினால் ஒன்றின் மேல் ஒன்று எழுதும். டெஸ்ட் செய்கிற இடத்தில் ஒரே டொமைன் இருப்பதால் இது கண்ணிலேயே படாது.

டிஸ்க்கில் எழுதும் முறைக்கு வருவோம். தற்காலிக ஃபைலில் எழுதி, முடித்த பிறகு ரீநேம் செய்கிறார்களா, இல்லை பழைய ஃபைலையே திறந்து, காலி செய்து, எழுதுகிறார்களா? இரண்டாவது என்றால் அங்கேயே நிறுத்தி பேட்சைத் திருப்பி அனுப்பலாம். தற்காலிக ஃபைலின் பெயர் நிலையானதாக இருந்தால், இரண்டு பேர் ஒரே நேரத்தில் லாகின் செய்யும்போது இரண்டு ப்ராசஸ் ஒரே ஃபைலில் எழுதும், அதனால் ஒவ்வொரு முறையும் தனிப் பெயரில் ஃபைல் உருவாக்கும் எம்கேஎஸ்டெம்ப் ஃபங்ஷனைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். தற்காலிக ஃபைல் வேறு பார்ட்டிஷனில் இருந்தால் ரீநேம் வேலை செய்யாது, ஆகவே அதே டைரக்டரியில் இருக்க வேண்டும். ரீநேமுக்கு முன்னால் எஃப்சிங்க் (எழுதியதை டிஸ்க்குக்கே தள்ளும் அழைப்பு) வேண்டும். 2009 வாக்கில் எக்ஸ்ட்4 என்ற லினக்ஸ் ஃபைல் சிஸ்டம் பரவலாக ஆரம்பித்தபோது, மின்சாரம் போய் வந்தால் ஃபைல் பூஜ்ஜியம் பைட்டாக நிற்கிறது என்று பெரிய சண்டையே நடந்தது. கர்னலில் அதற்கு ஒட்டு போட்டார்கள் என்றாலும், அது ஏற்கெனவே இருக்கும் ஃபைலின் மேல் ரீநேம் செய்யும்போதுதான் காப்பாற்றும், முதல்முறையாக கேச் உருவாகும்போது இல்லை. பூஜ்ஜியம் பைட் பாலிசி ஃபைலை பார்சர் (ஃபைலைப் படித்துப் பொருள் கொள்ளும் பகுதி) எப்படிப் படிக்கும் என்று கேளுங்கள். "எந்தக் கட்டுப்பாடும் இல்லை" என்று படித்தால் கதவு திறந்துவிட்டது.

இதுதான் எனக்கு மிகவும் உறுத்தும் இடம். பாலிசி கிடைக்கவில்லை என்றால் என்ன செய்வது என்பது வெறும் எரர் ஹேண்ட்லிங் இல்லை, அது பாதுகாப்பு முடிவு. லினக்ஸில் ஆக்டிவ் டைரக்டரி லாகினைக் கவனிக்கும் எஸ்எஸ்எஸ்டி என்ற சேவையில் இதற்கு உண்மையான உதாரணம் இருக்கிறது, சிவிஇ-2018-16838 என்று பதிவான பாதுகாப்புக் குறை: சர்வரில் பர்மிஷன் மிக இறுக்கமாக இருந்து ஜிபிஓவைப் படிக்கவே முடியாவிட்டால், லாகினை மறுப்பதற்குப் பதிலாக எல்லோரையும் அனுமதித்துவிட்டது. விண்டோஸ் பக்கமும் சுத்தம் இல்லை, 2015 பிப்ரவரியில் வந்த எம்எஸ்15-014 என்ற மைக்ரோசாஃப்ட் பாதுகாப்பு அறிவிப்பு இதே குடும்பம்தான்: நெட்வொர்க்கின் நடுவில் உட்கார்ந்தவர் பாலிசி ஃபைலைக் கெடுத்துவிட்டால், மெஷின் பாதுகாப்புக் குறைந்த டீஃபால்ட் அமைப்புக்குத் திரும்பிவிடும். ஆகவே பேட்சில் மூன்று நிலைகள் தனித்தனியாக இருக்கின்றனவா என்று பாருங்கள்: சர்வர் எட்டவில்லை (கேச்சைப் பயன்படுத்தலாம்), சர்வர் எட்டியது ஆனால் அனுமதி மறுத்தது (கேச்சைத் தொடக்கூடாது என்பது என் கருத்து), சர்வரில் அந்த ஃபைலே இல்லை (முறைப்படி சரியான நிலை, அந்த ஜிபிஓவில் அந்தப் பகுதி வெறுமனே அமைக்கப்படவில்லை). இந்த மூன்றையும் ஒரே "தோல்வி" என்று ஒரு கிளையில் தள்ளியிருந்தால் அந்த ஃபங்ஷனை மறுபடி எழுதச் சொல்வேன். மூன்றாவது நிலையில் இன்னொன்றும் உண்டு: போன தடவை இருந்த ஃபைல் இப்போது சர்வரில் இல்லை என்றால் கேச்சிலிருந்தும் அழிக்க வேண்டும். இதை மறக்காத ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

சர்வர் தரும் பாதையை அப்படியே நம்புகிறார்களா? பின்சாய்வை முன்சாய்வாக மாற்றி, கேச் டைரக்டரியோடு ஒட்டி, ஃபைலைத் திறக்கிறார்கள், நடுவில் இரண்டு புள்ளி (ஒரு டைரக்டரி மேலே போ என்று பொருள்) வந்தால்? இந்த ப்ராசஸ் ரூட்டாக (எல்லா அனுமதியும் உள்ள கணக்கில்) ஓடுகிறது என்றால் சர்வர் பக்கமிருந்து எங்கே வேண்டுமானாலும் எழுதவைக்கலாம். பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும். எழுத்து வடிவமும் ஒரு தொல்லை: விண்டோஸுக்குச் சிறிய எழுத்தும் பெரிய எழுத்தும் ஒன்றுதான், லினக்ஸ் டிஸ்க்குக்கு வேறு வேறு. ஜிபிடி.ஐஎன்ஐ ஒரு முறை பெரிய எழுத்தில் சேமிக்கப்பட்டு அடுத்த முறை சிறிய எழுத்தில் தேடப்பட்டால் கேச் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

பர்மிஷன்: 0600, டைரக்டரி 0700, அதாவது உரிமையாளருக்கு மட்டும். "பாலிசிதானே, இதில் என்ன ரகசியம்" என்று 0644, அதாவது எல்லோரும் படிக்கலாம் என்று, வைத்திருப்பார்கள். சிஸ்வாலை டொமைனில் எல்லோரும் படிக்கலாம் என்பதும் உண்மைதான். ஆனால் குரூப் பாலிசி ப்ரிஃபரன்ஸஸ் ஃபைல்களில் பாஸ்வேர்டுகள் வைக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது, அவற்றைப் பூட்டிய சாவியை மைக்ரோசாஃப்ட்டே ஆவணத்தில் வெளியிட்டிருந்தது, 2014 மே மாதம் எம்எஸ்14-025 வந்து புதிதாக வைப்பதைத் தடுத்தது, ஏற்கெனவே இருந்ததை அழிக்கவில்லை. டொமைன் கணக்கே இல்லாத லோக்கல் யூசருக்கு அதைப் படிக்கக் கொடுப்பானேன்?

சி மொழிக்கே உரிய விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எஸ்எம்பி ரீட் ஒரே அழைப்பில் முழு ஃபைலையும் தரும் என்று எண்ணக்கூடாது, லூப் வேண்டும். ரீட் திருப்பித் தரும் -1-ஐ குறியில்லாத எண்ணோடு ஒப்பிட்டால் அது பிரம்மாண்டமான எண்ணாக மாறிவிடும். ஃபைல் அளவுக்கு ஓர் உச்சவரம்பு வைக்க வேண்டும், சர்வர் சொல்லும் அளவை நம்பி மெமரி ஒதுக்கக்கூடாது. எர்ர்நோவை (கடைசி எரரின் எண்ணை வைத்திருப்பது) உடனே ஒரு மாறியில் எடுத்துவைக்காமல் நடுவில் லாக் எழுதினால் அதன் மதிப்பு மாறியிருக்கும், அப்புறம் "வெற்றி" என்ற எரரோடு ஃபங்ஷன் திரும்பும். குளோஸ் திருப்பித் தருவதையும் பார்க்க வேண்டும். எரர் வழியில் தற்காலிக ஃபைல் அழிகிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் டைரக்டரியில் குப்பை சேர்ந்துகொண்டே போகும்.

கேச் எவ்வளவு நேரம் செல்லும் என்பதில் மட்டும் எழுதியவரோடு பேசி முடிவெடுங்கள், அங்கே ஒரே சரியான விடை கிடையாது. விண்டோஸ் கிளையன்ட் இயல்பாக 90 நிமிடத்துக்கு ஒருமுறை, அதோடு 30 நிமிடம்வரை ஏதோ ஒரு எண்ணைக் கூட்டி, பாலிசியைப் புதுப்பிக்கும். எஸ்எஸ்எஸ்டி லாகின் நேரத்தில் பார்ப்பதால், சர்வரை மறுபடி கேட்காமல் இருக்கும் நேரத்தை இயல்பாக 5 விநாடி என்று வைத்திருக்கிறது. சரமாரியாக லாகின் வரும்போது தாங்க அது போதும். அது தவிர, வெர்ஷன் சமமாக இருந்தாலும் எப்போதாவது ஒருமுறை முழுசாக இறக்கிவிடு என்று ஒரு நீண்ட கெடு வைக்கச் சொல்வேன், ஏனென்றால் சிஸ்வாலும் ஃபைல் ஃபைலாகத்தான் நகலாகிறது, புது ஜிபிடி.ஐஎன்ஐ முந்திக்கொண்டு வர வாய்ப்பு இருக்கிறது.

கடைசியாக டெஸ்ட். பாஸ் ஆனது என்று சொன்னீர்கள், எந்த டெஸ்ட் என்று பாருங்கள். இறக்கும் ஃபங்ஷனை இரண்டாவது ஃபைலில் தோற்கும்படி மாற்றி ஒரு டெஸ்ட், கேச் டைரக்டரியைச் சின்ன டிஸ்க்கில் வைத்து இடம் தீரவிட்டு ஒரு டெஸ்ட், இரண்டிலும் அடுத்த ரன் மறுபடி சர்வரிடம் போகிறதா என்று சோதிப்பது. இந்த இரண்டும் இல்லாமல் நான் ஒப்புதல் தரமாட்டேன். பெயர் வைத்த விதம், ஃபங்ஷன் நீளம் இதெல்லாம் பற்றி வேண்டுமானால் "விருப்பமிருந்தால்" என்று போட்டு எழுதுங்கள், அவர் மாற்றாவிட்டாலும் பேட்ச் உள்ளே போகட்டும்.